விளம்பர அட்டையில் பூத்த செர்ரிக் கிளை

சேகரிப்பாளர்கள் இன்று போற்றும் பழைய ஓவிய அட்டைகளுள் மூத்த தலைமுறையைச் சேர்ந்தவை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடைக்காரர்கள் இலவசமாக வழங்கிய விளம்பர அட்டைகள். முன்புறம் வண்ணப்படம், பின்புறம் நூல்கண்டு, சோப்பு, மருந்து ஆகியவற்றின் புகழ்ச்சி. பெண்களும் சிறுவர்களும் அவற்றை ஏடுகளில் ஒட்டிச் சேர்த்தனர். அந்த அட்டைகளில் மூங்கிலும் கொக்கும் விசிறியும் அடிக்கடி தென்படுவது ஏன்?

விடை தேடி நாம் 1853ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் அவ்வாண்டு ஜப்பானை அடைந்தன. அடுத்த ஆண்டில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்பின் ஹொக்குசாய், ஹிரோஷிகே முதலியோரின் மரச்செதுக்கு அச்சோவியங்கள் மேற்கே பரவின. எடோ நகரத்தில் சாமானியரும் வாங்கிய மலிவான தாள்கள் அவை. பாரிஸ் கலைஞர்களோ அவற்றைக் கண்டு வியந்தனர். 1872இல் ஃபிலிப் பூர்ட்டி என்னும் விமர்சகர் அந்த ஈர்ப்புக்கு 'ஜப்போனிசம்' என்று பெயரிட்டார். 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் ஜப்பானியக் கலைப்பொருள்களை அமெரிக்க மக்கள் நேரில் கண்டனர். விளம்பர அட்டைகள் பெருமளவில் வழங்கப்பட்டதும் அதே கண்காட்சியில்தான்.

ஜப்பானிய அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு மரப்பலகை. மேலைநாட்டு வண்ணக் கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். தொழில்முறை இவ்வாறு ஒத்திருந்தமையால் அட்டை வரைந்தோர்க்கு அந்நெறி அயலாகத் தோன்றியிராது. ஓரத்தில் வெட்டுண்ட கிளை, நடுவை விட்டு விலகிய உருவம், நிழலற்ற வண்ணப்பரப்பு, நிரப்பாமல் விட்ட வெளி ஆகியவை அட்டைக்குள் குடியேறின.

ஆயினும் வந்தது வடிவம் மட்டுமே. ஜப்பானியர்க்குச் செர்ரி இளவேனிலைக் குறிக்கும். சிவந்த மேப்பிள் இலை கூதிரைக் குறிக்கும். நம் திணை மரபில் கருப்பொருள் முதற்பொருளோடு பிணைந்து நிற்பதை இங்கு நினைவுகூரலாம். அட்டைகள் கருப்பொருளை எடுத்துக்கொண்டு பொழுதை விட்டுவிட்டன. 1885இல் இலண்டனில் அரங்கேறிய 'மிக்காடோ' இசைநாடகத்துக்குப் பின் அதன் பாத்திரங்களும் அட்டைகளில் ஏறின. ஆங்கிலேயர் கற்பனையில் உதித்த அந்த ஜப்பானியர், கடைச்சரக்கு விற்கும் அலங்காரப் பொம்மைகளாயினர்.

இதனால் இவ்வட்டைகளைப் போலி என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பதே நம் கருத்து. கலைக்கூடத்தின் வாயிலை மிதித்தறியாத இல்லங்களுக்கும் வெற்றிடத்தின் அழகைக் கொண்டு சேர்த்தவை இவையே.

இதனை உணர்ந்தவர் ஜெஃபர்சன் பர்டிக். தாம் சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத்தாள்களையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். மூட்டுவாதம் வருத்தியபோதும் அங்கேயே அமர்ந்து ஏடுகளில் ஒட்டினார். 1963இல் பணியை முடித்து, அதே ஆண்டில் மறைந்தார். ஹொக்குசாயின் பேரலை ஓவியத்தின் பிரதியொன்றும் அந்த அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒன்றுக்கு உலகறிந்த ஓவியர் பெயர் உண்டு. மற்றவற்றுள் பெரும்பாலானவற்றை வரைந்தவர் யாரென்றே தெரியாது. பிறந்த இடம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே: கடைத்தெரு.