பழைய கணக்கும் புதிய துபாஷியும்

ஒரு மொழியில் தேர்ந்த அறிவைப் பிறமொழியாளர் பயன்கொள்ள வழிகள் இரண்டு. அனைத்தையும் பெயர்த்தெழுதுவது ஒன்று. இடையே ஒரு துபாஷியை அமர்த்துவது மற்றொன்று. புதுவையில் தூப்ளே துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை ஆற்றிய பணி இரண்டாம் வகையினது. கணிப்பொறி விஞ்ஞானமும் இன்று அவ்வழியை நாடியிருக்கிறது.

அதன் தேவையை உணர்த்த ஹைதராபாத் நகரில் ஒரு சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவை அடுத்துக் கடலடி நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. ஆயினும் முன்னறிவிக்க ஓர் ஏற்பாடு இல்லாமையால், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பயனாக 2007 அக்டோபரில், ஹைதராபாத் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் எச்சரிக்கை நிலையம் தோன்றிற்று. எங்கே நிலம் அதிர்ந்தால் அலை எக்கரையை எப்போது, எவ்வளவு உயரத்தில் சேரும் என்பதை அந்நிலையம் முன்கூட்டியே கணித்து வைத்தது. அதற்குத் துணையான 'டுனாமி' என்னும் ஜப்பானியக் கணிப்பு நிரல் ஃபோர்ட்ரான் மொழியில் அமைந்தது.

ஃபோர்ட்ரான், 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் குழுவினர் வெளியிட்ட மொழி. கடல், காற்று, விண்மீன் பற்றிய பெருங்கணக்குகள் பல அதிலேயே எழுதப்பெற்று, பல்லாண்டுச் சோதனையில் தேறின. அவற்றைத் திருப்பி எழுதினால் புதுப்பிழைகள் புகும். இளைய விஞ்ஞானிகளோ 1991இல் வெளிவந்த எளிய பைத்தான் மொழியில் பழகியவர்கள்.

இவ்விடர்ப்பாட்டுக்கு நெதர்லாந்து நாட்டு லைடன் நகர விண்ணியலார் கண்ட தீர்வு 'அம்யூஸ்' என்பது. அதில் பழைய நிரல் தன் வீட்டிலேயே தனித்து இயங்கும். பைத்தான் அதற்கு ஓலை விடுக்கும்: 'இந்நிலையிலிருந்து இவ்வளவு காலம் கணித்து விடை கூறுக.' விடையும் ஓலையாகவே திரும்பும். அவ்வோலைகளின் நடைமுறையை 1994இல் வெளியான செய்திப் பரிமாற்ற விதிகள் வகுத்தளித்தன. ஒரு நிரலின் விடையை மற்றொரு நிரலிடம் சேர்ப்பதும் பைத்தானே. ஒருவர் படியிலும் மற்றவர் சேரிலும் அளந்தால் வணிகம் கெடுமன்றோ? ஆகவே அளவைகளையும் அது மாற்றித் தருகிறது. இம்முறையைக் கடலாராய்ச்சிக்கு விரித்த 'ஓம்யூஸ்' 2017இல் அறிவிக்கப்பெற்றது. அலையைக் கணிக்கும் நிரலும் நீரோட்டத்தைக் கணிக்கும் நிரலும் அதனால் இணைந்து பணிபுரிய இயலும்.

அயல் மாநிலத்தில் வாழும் நாம் இதன் பொருளை எளிதில் உணர்வோம். கடைவீதியில் தெலுங்கும் உருதும் பேசும் தமிழர் தம் மொழியை இழந்துவிடவில்லை. முதிர்ந்த அறிவை அழித்தெழுதாமல் அதனோடு உரையாடக் கற்பதே சிக்கனம். கடற்கரைக் குடிசைக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்றெட்ட வேண்டுமாயின், அக்கணக்குகள் பிழையின்றி நிலைத்தல் வேண்டும்; புதிய தலைமுறை அவற்றை இயக்கவும் அறிதல் வேண்டும்.