தொடாமல் அறிந்த சூடு

சென்னையின் வெப்பநிலைக்கு இரு நூற்றாண்டுக் கணக்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுப்பிய வானாய்வகம் விண்மீன்களோடு வெப்பமானியையும் கவனித்து வந்தது. அங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வல்லம் வடகாலுக்கு அத்தகைய நெடுங்கணக்கு கிடையாது. ('கால்' என்பதற்கு வாய்க்கால் என்றும் ஒரு பொருள் உண்டு. இன்று ஒரகடம் சாலையில் போகிறவருக்கு அது நினைவில் எழ வாய்ப்பில்லை.) சிப்காட் வருவதற்கு முன் அவ்வூர் மண் எவ்வளவு சுட்டது என்று கேட்டால், நாம் மேலே பார்க்க வேண்டியிருக்கிறது. 1984 மார்ச்சில் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5, 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அதைப் பதிந்து வைத்திருக்கிறது.

தொடாமல் சூட்டை அறியும் இவ்வித்தையின் வேர் 1800இல் இருக்கிறது. வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். பாதரசம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் அறிமுகமானது இப்படித்தான். வெம்மையுள்ள எப்பொருளும் இக்கதிரை உமிழ்கிறது. பூமி மிகுதியாக உமிழ்வது பத்து மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி. நற்பேறாக, எட்டு முதல் பதினான்கு மைக்ரான் வரை காற்று பெரும்பாலும் வழிவிடுகிறது. அந்தச் சன்னல் இல்லையேல் மேலிருந்து தரையின் சூட்டை இம்முறையில் அறிய இயலாது.

1959இல் எக்ஸ்புளோரர் 7 கோளில் வெர்னர் சுவோமி கதிர்வீச்சை அளக்கும் எளிய உணர்கருவிகளை அனுப்பினார். மறு ஆண்டு டைரோஸ் 2 அகச்சிவப்பு அளவியோடு ஏறியது. நமக்கு அதற்குப் பின் இருபதாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

இன்சாட் வரிசையின் கதை சற்று நின்று சொல்லத் தக்கது. பூமியின் வெம்மையைப் பார்க்கும் கருவி தான் குளிர்ந்திருக்க வேண்டும்; இல்லையேல் தன் சூட்டையே அளந்துகொண்டிருக்கும். இன்சாட்டின் உணர்விகள் பூஜ்யத்திற்குக் கீழ் 150 பாகைக்கும் அப்பால் குளிர்விக்கப்பட்டன. இதற்கு இயந்திரம் இல்லை. கோளின் வடபுறம் இருண்ட வெளியை நேரே பார்த்தபடி ஒரு குளிர்விப்பான், அவ்வளவே. அதன் பார்வையை மறைக்கலாகாது என்பதால் சூரியத் தகடு தென்புறம் மட்டும் வைக்கப்பட்டது. ஒருபுறம் மட்டும் தகடு இருந்தால் சூரிய ஒளியின் அழுத்தமே கோளைத் திருப்பிவிடும். எனவே வடபுறத்தில் நீண்ட கம்பில் ஒரு பாய். தோணிக்குப் பக்கக்கட்டை போல. 1982 ஏப்ரலில் ஏவிய இன்சாட் 1ஏ கோளில் அந்தப் பாய் விரியவேயில்லை. வேறு கோளாறுகளும் சேர, எரிபொருள் தீர்ந்து, ஐந்து மாதத்தில் அது கைவிடப்பட்டது. 1983 ஆகஸ்டில் சேலஞ்சர் ஓடத்தில் சென்ற இன்சாட் 1பி, அங்கும் தகடு விரியத் தாமதித்தாலும், பிழைத்தது.

அதன் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி 11 கிலோமீட்டர். 2013இன் இன்சாட் 3டி அதை 4 கிலோமீட்டராக்கியது. 2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இன்சாட் 3டிஎஸ் அவ்வழியில் வந்தது. புயல் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து அதன் உயரத்தையும் வீரியத்தையும் கணிக்க இவை போதும். ஓர் ஊருக்குப் போதா.

ஊருக்கு லேண்ட்சாட்தான். லேண்ட்சாட் 5இன் வெப்பப் புள்ளி 120 மீட்டர், லேண்ட்சாட் 8இல் 100. 2008இலிருந்து எவருக்கும் இலவசம். ஏரி, வயல், பின் மனை, பின் ஆலை என்று வல்லம் வடகால் மாறியதைச் சூட்டின் மொழியிலேயே படிக்கலாம். ஆனால் படிப்பவருக்கு எச்சரிக்கை வேண்டும். கோள் கடப்பது காலை பத்து மணியளவில், பதினாறு நாளுக்கு ஒருமுறை. வடகிழக்குப் பருவமழையில் மேகம் மூடினால் அதுவும் இல்லை. பிற்பகல் மூன்று மணி வெயில் அதன் ஏட்டில் ஏறுவதே இல்லை. அது அளப்பது நிலத்தின் மேற்தோலை, நாம் மூச்சுவிடும் காற்றை அன்று. வண்ணம் பூசாத பளபளத் தகரக் கூரையோ அகச்சிவப்பைக் குறைவாகவே உமிழும். திருத்தாமல் கணக்கிட்டால், கைவைக்க முடியாத கூரையும் குளிர்ந்ததாகவே தோன்றும். ஆலைகள் நிறைந்த பகுதியில் இது சிறு பிழையன்று.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அவர்களுக்கு முக்கியம் இரவின் சூடு. பகலெல்லாம் உண்ட வெம்மையைக் கான்கிரீட் நள்ளிரவிலும் விட்டுக்கொண்டிருக்கும். 2011இல் ஏவப்பட்டு, பின்னர் சுவோமியின் பெயர் பெற்ற கோளும் அதன் பின்வந்தவையும் நம் பகுதியைக் கடக்கும் வேளை இரவு ஒன்றரை மணி. நிலவெப்பக் கணக்கில் அவற்றின் ஒரு கட்டம் 750 மீட்டர். விடுதி, ஆலை, சாலை, எஞ்சிய ஏரி எல்லாம் சேர்ந்து அதில் ஒரே எண்.