ஆன்மாவில் இறைமகன் பிறப்பு

ஆன்மாவில் இறைமகன் பிறப்பு என்பது கிறித்தவ மறைஞான மரபில் மனிதரின் அகப் புதுப்பிறப்பை விளக்கும் கோட்பாடு. பெத்லகேமில் ஒருமுறை பிறந்த கிறிஸ்து நம்பிக்கை கொண்டோர் உள்ளத்திலும் பிறக்கிறார் என்பதும், மனிதர் கடவுளின் பிள்ளையாவது அப்பிறப்பால்தான் என்பதும் இதன் சாரம். வினைப்பயனால் உயிர் வேறோர் உடலெடுக்கும் மறுபிறவிக் கருத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இம்மரபினர் மூன்று பிறப்புகளைச் சேர்த்தே பேசுவர்: தந்தையிடமிருந்து என்றென்றும் நிகழும் பிறப்பு, மரியாவிடம் காலத்துள் நிகழ்ந்த பிறப்பு, ஆன்மாவில் நாளும் நிகழும் பிறப்பு. மூன்றாவது எப்போது நிகழ்கிறது என்பதில் தொடக்கம் முதலே ஒருமித்த கருத்து இல்லை. திருமுழுக்கில் என்பர் சிலர். ஆன்மாவின் ஆழத்தில் இடையறாது என்பர் சிலர். நாள் குறித்துச் சொல்லக்கூடிய ஓர் அனுபவத்தில் என்பர் வேறு சிலர். கோட்பாட்டின் வரலாறு பெரும்பாலும் இம்மூன்று விடைகளுக்கிடையே நகர்ந்த வரலாறே.

விவிலிய அடிப்படை

இரவில் இயேசுவைத் தேடிவந்த நிக்கதேம் என்ற பரிசேயரிடம், நீராலும் ஆவியாலும் பிறக்க வேண்டியதன் தேவை எடுத்துரைக்கப்படும் பகுதி (யோவான் 3) முதன்மையான ஆதாரம். அதே நற்செய்தியின் முன்னுரை, கடவுளால் பிறந்தோரைக் குறிப்பிடுகிறது. கலாத்தியருக்கு எழுதிய மடலில் (4:19) பவுல், வாசகர்களுக்குள் கிறிஸ்து உருவாகும்வரை தாம் பேறுகால வேதனைப்படுவதாகக் கூறுகிறார். இவ்விரு படிமங்களும் ஒன்றல்ல. யோவானில் பிறப்பவர் மனிதர். பவுலில் மனிதருக்குள் உருவாகிறவர் கிறிஸ்து. பிற்கால ஆசிரியர்கள் இரண்டையும் ஒன்றாகவே வாசித்தனர்.

திருச்சபைத் தந்தையர்

3ஆம் நூற்றாண்டில் ஓரிகன், நீதிமான் ஒருமுறை மட்டுமன்று, தன் ஒவ்வொரு நற்செயலிலும் கடவுளிடமிருந்து பிறந்துகொண்டே இருக்கிறான் என்று எரேமியா நூல் பற்றிய மறையுரையில் விளக்கினார். 4ஆம் நூற்றாண்டில் நிஸ்ஸா நகர கிரகோரி, மரியாவிடம் உடலளவில் நிகழ்ந்தது தூய ஆன்மா ஒவ்வொன்றிலும் நிகழ்கிறது என்றார். 7ஆம் நூற்றாண்டில் மாக்சிமஸ் இக்கருத்தை இறைமயமாதல் என்ற கீழைத் திருச்சபைக் கோட்பாட்டோடு இணைத்தார். 9ஆம் நூற்றாண்டில் ஸ்காட்டஸ் எரியுகேனா அவரது நூல்களை லத்தீனில் பெயர்த்தார். தந்தையர் பலருக்கும் இப்பிறப்பின் வாயில் திருமுழுக்கே. அதைப் பெற்றெடுக்கும் தாய் திருச்சபை. கீழைத் திருச்சபையில் புதிய இறையியலார் சிமியோனும் (949–1022) மேலை நாட்டில் இக்னி மடத்தின் கெரிக் என்ற சிஸ்டர்சியன் துறவியும் (12ஆம் நூற்றாண்டு) இக்கருத்தைக் கையாண்டனர்.

மைஸ்டர் எக்கார்ட்

கோட்பாடு தன் முழு வடிவத்தைப் பெற்றது தொமினிக்கன் சபைத் துறவி எக்கார்ட்டிடம். இவர் ஏறத்தாழ 1260இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பிறந்தார். ஊர் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஹோக்கைம் என்ற பெயரில் அப்பகுதியில் இரண்டு ஊர்கள் இருப்பதும் தம்பாக் என்ற வேறோர் ஊர் சொல்லப்படுவதும் காரணம். எர்ஃபூர்ட் மடத்தில் சேர்ந்த அவர், பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இருமுறை (1302–03, 1311–13) பேராசிரியராக இருந்தார். பின்னர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் தங்கி, அப்பகுதிக் கன்னியர் மடங்களின் ஆன்மிகப் பொறுப்பையும் கவனித்தார். லத்தீனில் அறிஞர்களுக்கு எழுதியவர், மக்கள் பேசிய ஜெர்மன் மொழியில் மறையுரை ஆற்றினார். கோட்பாட்டின் துணிவான பகுதிகள் பெரும்பாலும் அந்த ஜெர்மன் உரைகளில்தான் உள்ளன.

கிறிஸ்து பிறப்புக் காலத்துக்குரிய நான்கு மறையுரைகள் (நவீனப் பதிப்பில் 101 முதல் 104 வரை) இவற்றுள் முதலிடம் பெறுவன. முதல் உரை, நள்ளிரவின் அமைதியில் இறைவார்த்தை இறங்கி வருவதைக் கூறும் சாலமோனின் ஞான நூல் பகுதியை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளை அடுக்குகிறது. தந்தை தம் வார்த்தையை ஆன்மாவின் எந்த இடத்தில் பேசுகிறார்? அப்போது மனிதர் சிந்தித்து முயல வேண்டுமா, வாளாவிருக்க வேண்டுமா? இப்பிறப்பால் வரும் பயன் என்ன? முதல் கேள்விக்கு, புலனும் நினைவும் அறிவும் எட்டாத, எந்த உருவமும் நுழையாத ஆன்மாவின் அடித்தளம் என்பது எக்கார்ட்டின் விடை. இரண்டாவதற்கு அமைதியே விடை. மற்றோர் உரையில் ஆலயத்தில் காணாமற்போன பன்னிரண்டு வயது இயேசுவின் கதை வருகிறது. உற்றார் உறவினர் கூட்டத்தில் தேடிக் காணாத பெற்றோர், புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது. ஆன்மாவும் அப்படியே தன் ஆற்றல்களின் கூட்டத்தை விட்டுத் தான் வந்த மூலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எக்கார்ட் பொருள் கூறுகிறார்.

முதல் உரையின் தொடக்கத்தில், இப்பிறப்பு எங்கும் நிகழ்ந்தும் தன்னுள் நிகழாவிட்டால் பயனில்லை என்ற கருத்து அகுஸ்தீன் பெயரால் தரப்படுகிறது. அவ்வடிவில் அது அகுஸ்தீன் நூல்களில் கிடைக்கவில்லை. ஓரிகனின் மறையுரைகளில் நெருக்கமான கருத்து உண்டு. இந்நான்கு உரைகளும் எக்கார்ட்டுடையவைதாமா என்ற ஐயம் 20ஆம் நூற்றாண்டில் எழுந்தது; பதிப்பாசிரியர் கேயார்க் ஷ்டேயர் அவற்றை அவருடையவை என்றே ஏற்று, எர்ஃபூர்ட் காலத்தில் வைக்கிறார்.

‘இறை ஆறுதல் நூல்’ என்ற சிறு நூல், தந்தை ஆல்பிரெக்ட் அரசர் 1308இல் கொலையுண்ட பின் துயருற்றிருந்த ஹங்கேரி அரசி ஆக்னஸுக்காக எழுதப்பட்டது என்பர். இதில் பிறப்பு நெருப்பையும் விறகையும் கொண்டு விளக்கப்படுகிறது. நெருப்பு விறகின் குளிர்ச்சியையும் ஈரத்தையும் கனத்தையும் படிப்படியாக நீக்கித் தன்னைப் போலாக்குகிறது. ஆனால் ‘போலாவது’ இரண்டுக்கும் போதவில்லை. நெருப்பு விறகில் தன்னையே பிறப்பிக்கும்வரை புகையும் வெடிப்பும் ஓய்வதில்லை. பிறந்தபின் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஒப்புமைக்கும் ஒருமைக்கும் உள்ள வேறுபாட்டை எக்கார்ட் வேறெங்கும் இத்தனை எளிதாகச் சொல்லவில்லை எனலாம்.

சிக்கல் எழுந்ததும் அந்த வேறுபாட்டில்தான். தந்தை தம் மகனைப் பிறப்பிக்கும் அதே பிறப்பிலே என்னையும் தம் மகனாகப் பிறப்பிக்கிறார் என்ற பொருள்படும் கூற்றுகள், கிறிஸ்துவுக்கும் மனிதருக்கும் உள்ள எல்லையை அழிப்பதாகக் கருதப்பட்டன. கோல்ன் பேராயர் விர்னெபூர்க் ஹைன்ரிக் 1326இல் விசாரணையைத் தொடங்கினார். தாம் தவறக்கூடும், ஆனால் திரிபுக்கொள்கையர் ஆக முடியாது, ஏனெனில் திரிபு மனத்தின் விருப்பத்தைச் சார்ந்தது என்பது எக்கார்ட்டின் வாதம். 1327 பிப்ரவரி 13 அன்று கோல்ன் தொமினிக்கன் ஆலயத்தில் மக்கள் முன்னிலையில் தம் நிலையை அறிவித்த அவர், பின் அவிஞோனில் இருந்த திருத்தந்தையின் அவையை நாடினார். தீர்ப்புக்கு முன்பே இறந்தார். 1328 ஜனவரி 28 என்று இறந்த நாளைக் குறிப்போர் உண்டு. அவ்வாண்டு ஏப்ரல் இறுதிக்குள் அவர் உயிருடன் இல்லை என்பது மட்டும் உறுதி.

திருத்தந்தை 22ஆம் யோவான் 1329 மார்ச் 27 அன்று வெளியிட்ட ஆணை 28 கூற்றுகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் 17 திரிபு எனவும், 11 விபரீதமாக ஒலிப்பவை, ஆனால் விளக்கத்துடன் ஏற்கத்தக்கவை எனவும் வகைப்படுத்தப்பட்டன. மகன் பிறப்பு பற்றிய கூற்றுகள் இரு வகையிலும் காணப்படுகின்றன. கிறிஸ்து இயல்பால் மகன், மனிதர் அருளால் மகன் என்ற வழக்கமான வேறுபாட்டை எக்கார்ட் ஏற்றாரா, கடந்தாரா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. தற்காப்பு உரையில் அவர் அதை ஏற்கிறார்; மறையுரைகளின் நடை வேறுவிதமாக ஒலிக்கிறது.

சீடர்களும் கன்னியர் மடங்களும்

ஸ்ட்ராஸ்பூர்க்கின் யோவான் டவ்லர் (இறப்பு 1361) கோட்பாட்டைக் கத்தோலிக்க வழிபாட்டுக்குள்ளேயே நிறுத்தினார். கிறிஸ்து பிறப்பு விழாவின் மூன்று திருப்பலிகளை அவர் மூன்று பிறப்புகளுக்கு ஒதுக்கினார். இருளில் நடக்கும் நள்ளிரவுத் திருப்பலி மறைவான நித்தியப் பிறப்புக்கும், இரவும் பகலும் கலந்த வைகறைத் திருப்பலி மரியாவிடம் நிகழ்ந்த பிறப்புக்கும், வெளிச்சத்தில் நடக்கும் பகல் திருப்பலி ஆன்மாவில் ஒவ்வொரு நாளும் நிகழும் பிறப்புக்கும் உரியவை. நிக்கோலஸ் குசா 1445இல் இறைமகனாதல் பற்றித் தனி நூல் எழுதினார்.

மடங்களில் இதே கருத்து கையில் எடுத்துத் தாலாட்டக்கூடிய வடிவம் பெற்றது. டான்யூப் நதிக்கரை டில்லிங்கனுக்கு அருகே மெடிங்கன் மடத்தில் வாழ்ந்த மார்கரெட்டா எப்னர் (இறப்பு 1351) என்ற தொமினிக்கன் கன்னிக்கு, 1344இல் புனித ஸ்தேவான் திருநாளன்று வியன்னாவிலிருந்து ஒரு பரிசு வந்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை இயேசு, சுற்றிலும் பொன்னிறத் தூதர் நால்வர். அக்குழந்தையைத் தாம் தாயாக இருந்து பேணியதைத் தம் ‘வெளிப்பாடுகள்’ நூலில் அவரே விவரிக்கிறார். அவருடையதாகக் கருதப்படும் மரக் குழந்தை உருவம் அம்மடத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஸ்வீடன் பிரிஜித்தா (இறப்பு 1373) கிறிஸ்து பிறப்பு இரவொன்றில் தம் இதயத்தினுள் உயிருள்ள குழந்தை அசைவதை உணர்ந்ததாகப் பதிவு உள்ளது. உருவங்கள் அனைத்தையும் விடச் சொன்ன எக்கார்ட்டின் போதனையோடு இவை எவ்வளவு பொருந்தும் என்பது பற்றி ஆய்வாளர்கள் ஒத்த கருத்தினர் அல்லர்.

சீர்திருத்த காலத்துக்குப் பின்

மார்ட்டின் லூதர் டவ்லரை விரும்பிப் படித்துக் குறிப்புகள் எழுதினார். ஆயினும் புதுப்பிறப்பை நம்பிக்கையோடும் திருமுழுக்கோடும் இணைத்து நிறுத்தினார். எக்கார்ட்டின் உரைகள் பலவும் 1521, 1522 ஆண்டுகளின் பாசல் டவ்லர் பதிப்புகளுக்குள் இடம்பெற்றதால் புராட்டஸ்டன்ட் வாசகர்களை எட்டின. காஸ்பர் ஷ்வெங்க்ஃபெல்ட், வாலன்டின் வைகல் ஆகியோர் புற அருட்சாதனங்களைவிட அகப் பிறப்பையே முதன்மையாகக் கொண்டனர்.

கோர்லிட்ஸ் நகரச் செருப்புத் தொழிலாளி யாக்கோப் போமே (1575–1624) 1600இல் ஓர் ஈயப் பாத்திரத்தில் பட்டுத் தெறித்த ஒளியைக் கண்டு அகக்காட்சி பெற்றதாக அவரது வாழ்க்கையை எழுதிய ஃபிராங்கென்பெர்க் கூறுகிறார். அவரது முதல் நூலைக் கைப்பற்றச் செய்த உள்ளூர்ப் போதகர், இனி எழுதக்கூடாது என்றார். சில ஆண்டுகள் பணிந்திருந்த போமே, மீண்டும் எழுதத் தொடங்கி 1622இல் மறுபிறப்பு பற்றிய சிறு நூலை முடித்தார். ஆதாமில் அணைந்துபோன விண்ணக வாழ்வு கிறிஸ்துவின் பிறப்பால் ஒவ்வொருவருள்ளும் மீண்டும் மூள்கிறது என்பது அவர் கொள்கை. அங்கேலுஸ் சிலேசியுஸ் என்ற பெயரில் எழுதிய ஷெஃப்லரின் ஈரடிப் பாக்கள் (1657) இதே கருத்தைப் பரவலாக்கின. இங்கிலாந்தில் வில்லியம் லா போமேயைத் தழுவி 1739இல் கிறித்தவ மறுபிறப்பு பற்றி எழுதினார். ஒருகாலத்தில் அவரை மதித்த ஜான் வெஸ்லி, 1756இல் வெளிப்படையான கடிதத்தால் மறுத்தார்.

பக்திநெறி இயக்கமும் தரங்கம்பாடியும்

டவ்லரின் கருத்துகளைத் தன்னுள் கொண்ட யோஹான் ஆர்ன்ட்டின் ‘மெய்யான கிறித்தவம்’ (1605–1610), ஜெர்மன் பக்திநெறி இயக்கத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று. அவ்வியக்கத்தின் ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1687இல் லூனெபூர்க்கில் மறையுரை ஒன்றுக்குத் தயாரித்துக்கொண்டிருந்தபோது மனமாற்றம் பெற்றார். அதன்பின் நாள் சுட்டக்கூடிய அனுபவம் முன்மாதிரியாகியது என்பர். எல்லாரிடமும் அதை அவர் எதிர்பார்த்தாரா என்பது ஐயத்துக்குரியது. பிராங்கேயின் ஹாலே வட்டத்தைச் சேர்ந்த சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1714–15இல் அங்கு அச்சேறிய அவரது தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் வழியாக நிக்கதேம் உரையாடலும் அச்சு வடிவில் தமிழ் வாசகருக்குக் கிடைத்தது. இம்மரபு வலியுறுத்தியது மனமாற்றத்தையே. எக்கார்ட் வழிப்பட்ட ‘அடித்தளம்’ பற்றிய பேச்சு அதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

தற்காலம்

ஃபிரான்ஸ் ஃபைஃபர் 1857இல் வெளியிட்ட பதிப்பு எக்கார்ட் ஆய்வை மீண்டும் தொடங்கிவைத்தது. ஹூகோ ராநரின் 1935ஆம் ஆண்டுக் கட்டுரை, எக்கார்ட்டின் கோட்பாடு திருச்சபைத் தந்தையரிடம் வேர்கொண்டது என நிறுவியது. ருடால்ஃப் ஓட்டோ 1926இல் எக்கார்ட்டையும் சங்கரரையும் ஒப்பிட்டார். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் மோன்சானினுடன் சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவிய அபிஷிக்தானந்தர் (ஹென்றி லெ சோ), இதயக் குகையில் நிகழும் விழிப்பு பற்றி உபநிடத வழியில் எழுதினார். அது இக்கோட்பாட்டின் தொடர்ச்சியா, வேறொன்றா என்பதில் முடிவு எட்டப்படவில்லை. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் எக்கார்ட்டின் பெயரை மீட்டெடுக்கத் தொமினிக்கன் சபையினர் உரோமையை அணுகினர். அவர் என்ற ஆளோ அவரது போதனை முழுவதுமோ கண்டிக்கப்படவில்லை, எடுத்தெழுதப்பட்ட கூற்றுகளே கண்டிக்கப்பட்டன, எனவே மீட்பு ஆணை தேவையில்லை என விடை வந்ததாகக் கூறப்படுகிறது. 1329ஆம் ஆண்டு ஆணை திரும்பப் பெறப்படவில்லை.