அஜந்தா ஓவியமும் தம்பபண்ணிக் கரையும்

வண்ணாத்திவில்லுக்கு வடக்கே, குதிரைமலைக் கரையின் செம்மண்ணைச் சுட்டி, விசயன் இறங்கிய தம்பபண்ணி இதுவே என்பர் சிலர். அந்நிகழ்ச்சியின் சித்திரமாக நூல்களில் காட்டப்பட்டு வந்தது அஜந்தா 17ஆம் குகை ஓவியமாகும். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாகாடகர் ஆட்சியில் தீட்டப்பட்ட அவ்வோவியம், அரக்கியர் தீவிலிருந்து வெண்குதிரையால் மீட்கப்பட்டுப் பின் படையுடன் திரும்பும் சிங்கலன் என்னும் வணிகனின் அவதானக் கதையைச் சித்திரிப்பது என்பதே ஆய்வாளர் முடிபு. மகாவம்சத்து விசயன் 700 தோழருடன் வந்தவன். ஓவியத்திலோ யானைகள் மரக்கலங்களில் வருகின்றன.

எனவே, ஒப்புமை மட்டும் ஓர் உருவத்தின் பொருளை நிர்ணயிப்பதில்லை. அதனைப் பயன்படுத்தும் சமூகத்தின் தேவையே நிர்ணயிக்கின்றது. தக்கணத்துச் சிற்றரசன் ஒருவனின் கொடையால் எழுந்த சமயச் சித்திரம், இருபதாம் நூற்றாண்டின் இனவாதத்திற்குக் காணி உறுதியாயிற்று.

இதனால் மறைக்கப்பட்டோர் யாவர்? மகாவம்சத்திலேயே குவேனி மரத்தடியில் நூல் நூற்கின்றாள். நூற்கத் தெரிந்தோரே அங்கு 'இயக்கர்' எனப்படுகின்றனர். இக்கரையை அடுத்த பொம்பரிப்பில் 1970இல் அகழப்பட்ட ஈமத்தாழிகள், ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை. இரும்புக்கால மக்களின் வாழ்வுக்குச் சான்றானவை. அத்தாழிகளைக் கொண்டு எதிர்த்தரப்பார் மற்றோர் இன உறுதி எழுதுவதும் அதே தவறாகும். அவை கூறுவது உழைத்து வாழ்ந்த மாந்தரைப் பற்றியே.