ஓர் இழைக்குப் பல விபரங்கள்: சி மொழியில் அனுப்புவது எப்படி?

1990 செப்டெம்பர் 5 அன்று மட்டக்களப்பு வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து இராணுவத்தினரால் கொண்டு செல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. இவ்வாறான பட்டியல்களைக் கணினியில் பதியும் இளையோருக்காகவே இதை எழுதுகிறேன்.

சி மொழியில் புதிய இழையைத் தொடக்கும் 'பிதிரெட் கிரியேட்', அதற்கு ஒரேயொரு சுட்டியையே கொடுக்கும். பெயர், ஊர், திகதி மூன்றையும் அனுப்புவதற்கு, அவற்றை ஒரு 'ஸ்ட்ரக்ட்'டில் இட்டு அதன் முகவரியைக் கொடுக்க வேண்டும்.

எல்லா இழைகளுக்கும் ஒரே ஸ்ட்ரக்டைக் கொடுத்து அதையே மாற்றி மாற்றி எழுதினால், முதல் இழை வாசித்து முடிக்கும் முன்பே விபரம் மாறிவிடும். ஒருவரின் பெயருடன் இன்னொருவரின் ஊர் சேர்ந்துவிடும். நிரல் பிழை எதையும் காட்டாது. காணாமல் ஆக்கப்பட்டவர் பதிவில் இருந்தும் தொலைந்து போவார்.

ஆகவே ஒவ்வோர் இழைக்கும் 'மாலொக்' மூலம் தனி ஸ்ட்ரக்ட் ஒதுக்குங்கள். பெயரையும் ஊரையும் அதற்குள்ளேயே பிரதி செய்யுங்கள். வேலை முடிந்ததும் அந்த இழையே 'பிரீ' மூலம் அதை விடுவிக்கட்டும்.