கிதார், கூலி, உரிமை

இசைத்தட்டின் வரலாற்றை நாம் பாடகர்களின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறோம். குரல் யாருடையது என்று கேட்டோமே தவிர, தட்டு யாருடையது என்று கேட்டதில்லை. கூலிக்குக் கிதார் வாசித்த ஒருவர் தட்டின் உரிமையைக் கேட்டு நீதிமன்றப் படியேறும்போது எது கலைகிறது, எது கலையாமல் அப்படியே இருக்கிறது? இளையராஜாவை முன்வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். அவர் மேதையா இல்லையா என்று மல்லுக்கு நின்றே உற்பத்தி உறவுகளைப் பற்றிப் பேசாமல் காலத்தைக் கழித்துவிட்டோம்.

தென்னேரிப் பக்கத்து ஆள் என்பதால் காஞ்சிபுரத்திலிருந்தே தொடங்குகிறேன். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவானதோடு இங்கே தட்டு வியாபாரம் ஆரம்பமாகிறது. 1908இல் சியால்தாவில் தொழிற்சாலை வரும்வரை நம் குரல்கள் ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலேறிப் போய்த் தட்டாகித் திரும்பின. தெற்கில் தொடக்க காலத்திலேயே தட்டில் பாடியவர்களுள் ஒருவர் காஞ்சிபுரம் தனகோடி அம்மாள். அவருடைய சகோதரி மகன் நாயனா பிள்ளை (1889–1934). லயத்தில் அசுர சாதனை படைத்த அவர் தட்டுக்குப் பாட மறுத்தவர். அதனால் அவர் குரல் நமக்கு மிஞ்சவில்லை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பதில்கள்: ஒன்று விற்பது, இல்லையென்றால் மறுப்பது. தட்டைத் தானே வைத்துக்கொள்வது என்கிற மூன்றாவது வழி அன்று இல்லை. மெழுகும் எந்திரமும் விநியோகமும் கம்பெனி கையில். தறிக்காரர்கள் சொல்வார்களே, ‘நெய்றது நாம, பேரு கடைக்காரனுது’ என்று. அதே கதைதான்.

தட்டு விற்ற மூலதனமே பின்னால் சினிமாவுக்கும் போனது. சரஸ்வதி ஸ்டோர்ஸில் தட்டு வியாபாரம் பார்த்த ஏ.வி. மெய்யப்பன்தான் பிறகு ஏவி.எம். இங்கே பாட்டு சினிமாவின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். அமெரிக்காவில் டெக்சாஸின் மெக்சிகோ வம்சாவளி மக்களிடம் நடந்தது வேறு. போர்க்காலத்தில் பெரிய கம்பெனிகள் அவர்களுடைய தெஹானோ இசையைக் கைவிட்டன. ஆலிஸ் என்ற சின்ன ஊரில் ஜூக்பாக்ஸ் தொழில் செய்த அர்மாண்டோ மரோகின், தன் பெட்டிகளுக்குத் தட்டு கிடைக்காமல், 1946இல் கூட்டாளியோடு ஐடியல் கம்பெனியைத் தொடங்கினார். 1969இல் ஃப்ரெடி மார்ட்டினெஸ் என்ற இசைக்கலைஞரே சொந்தக் கம்பெனி போட்டார். பெரிய முதலாளி போட்டுவிட்டுப் போன இடத்தில் வாசித்தவனே முதலாளியாக முடிந்தது. நம்மிடம் அப்படி ஒரு இடம் காலியாகவே இல்லை. சினிமா அதை அடைத்துக்கொண்டு நின்றது.

அந்த சினிமாவுக்குள்தான் பண்ணைபுரத்து ராசய்யா வருகிறார். தலித் குடும்பம். அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராக வாசித்தவர். அங்கே பாட்டு யாருடைய சொத்தும் இல்லை. 1960களின் இறுதியில் சென்னை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பாடம். சலீல் சௌதுரியிடம் கிதார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. 1976இல் ‘அன்னக்கிளி’.

கிதார் இங்கே தற்செயலானது இல்லை என்பது என் வாதம். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பரம்பரை உண்டு, சாதி உண்டு, குருவின் திண்ணை உண்டு. கிதாருக்கு அந்தத் திண்ணை கிடையாது. அதோடு அவருக்குக் கிடைத்தது எழுத்து, அதாவது மேற்கத்திய இசைக்குறிப்பு. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்று அவரே தாளில் எழுதிக் கொடுத்தார். இசையமைப்பாளர் மெட்டுப் போட, வாத்திய அமைப்பை உதவியாளர் செய்துகொண்டிருந்த பழைய வேலைப் பிரிவினை இதனால் உடைந்தது. முழுப் பாட்டும் ஒருவர் கையெழுத்தில் வந்துவிட்டது. ‘இது என்னுடையது’ என்று பின்னால் அவர் சொன்னதற்கு அடிப்படை இந்தத் தாள்தான். 1986இல் ‘ஹௌ டு நேம் இட்?’ வந்தபோது சினிமாக் கதையும் காட்சியும் இல்லாமலே அவர் இசை நின்றது.

சட்டம் வேறு மாதிரி சொன்னது. 1977இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் வேறுவிதமாக இல்லாவிட்டால் படத்துக்காகச் செய்த இசைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது. 2012 திருத்தம்தான் ராயல்டியில் இசையமைப்பாளரின் பங்கை எழுதி வாங்க முடியாதபடி செய்தது. எக்கோ முதலான கம்பெனிகளோடு அவர் நடத்திய வழக்கில், 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் படைப்பாளி என்ற முறையில் அவருக்குள்ள தனி உரிமையை ஏற்றது. தயாரிப்பாளர்களிடம் கம்பெனிகள் வாங்கிய உரிமையையும் தள்ளிவிடவில்லை. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. பல பத்தாண்டுகள் வேலை செய்த பிரசாத் ஸ்டுடியோவை 2020 கடைசியில் காலி செய்து, 2021 பிப்ரவரியில் சொந்த ஸ்டுடியோ திறந்தார். கூலிக்கு வந்தவருக்கு உற்பத்திக் கருவி சொந்தமாக அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அவர் தரப்பு நோட்டீஸ் அனுப்பியபோது ஊரே அவரைத் திட்டியது. ‘பணத்தாசை’ என்றார்கள். தயாரிப்பாளர் கேட்டால் வியாபாரம், கம்பெனி கேட்டால் ஒப்பந்தம், இவரு கேட்டா மட்டும் பேராசையா? கலைஞன் கணக்குக் கேட்கக் கூடாது என்கிற மேட்டிமைப் புனிதத்தின் குரல் அது. அந்தக் குரலோடு நான் சேர முடியாது.

ஆனால் கேள்வி அங்கே முடிந்துவிடவில்லை. காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு அட்டை வந்தபோது டிசைன் அட்டைக்குள் போனது. தறியில் உட்கார்ந்தவன் கூலிக்காரனாகவே இருந்தான். எழுதிய தாளும் அப்படித்தான். புருஷோத்தமனின் டிரம்ஸ், சசிதரனின் பேஸ் கிதார், நெப்போலியனின் புல்லாங்குழல், விஜி மானுவலின் கீபோர்டு இல்லாமல் அந்தத் தாள் ஒலித்திருக்காது. 1994 திருத்தத்திலேயே நிகழ்த்துபவரின் உரிமை சட்டத்தில் வந்துவிட்டது. ஆனாலும் சினிமாப் பதிவில் வாசித்தவர்களுக்குப் பழக்கத்தில் மிஞ்சியது அன்றைய கால்ஷீட் சம்பளம்தான். தட்டின் உறையில் பெயர்கூடப் பலருக்கு இல்லை.

ஒரு கிதார்காரர் உரிமையாளராவது வெற்றிதான். சின்ன வெற்றி இல்லை. உரிமை என்ற சொல் ஒற்றைக் கையெழுத்தோடு நின்றுபோனால், நாற்காலியில் ஆள் மாறுவார், நாற்காலி மாறாது. அடுத்த நாற்காலியில் கிதாரை வைத்துக்கொண்டு தாளைப் பார்த்து வாசித்தவருக்கும் அந்தச் சொல் போய்ச் சேரும்படி கேட்பதுதான் நம் வேலை.