மீண்டும் வந்து கேட்டவர்கள்

பாடநூல் வரலாற்றில் நம் வட்டாரம் இடம்பெற்றது இரண்டு போர்களால். 1751-இல் ஆரணிப் போர். 1760-இல் வந்தவாசிப் போர். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையில் வாழும் பெரணமல்லூராருக்கு அக்கதைகள் புதியன அல்ல. ஆயின், பீரங்கியின்றிக் கையில் வினாநிரலோடு வந்தவர்களால் இம்மண்ணுக்கு வாய்த்த மற்றொரு வரலாறும் உண்டு. அது நம்மில் பலர் அறியாதது. நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் அதனை நினைவுகூர்வது பொருந்தும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் சிலேட்டர். நூலகத்தில் அமர்ந்து இந்தியாவை அறிய இயலாது என்று கருதிய அவர், தம் மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். அவர்கள் 1916-இல் திரட்டிய விவரங்கள் 1918-இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற பொருள்படும் பெயரில் ஆங்கில நூலாயின. அவ்வூர்களுள் ஒன்று அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் தூசி. மாமண்டூர் ஏரியை ஒட்டிய அவ்வூர் இன்று நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது.

ஓர் ஊரைப் பற்றி ஒருமுறை எழுதுவது பெரிதன்று. திரும்பவும் சென்று பார்ப்பதே அரிது. பி.ஜே. தாமசும் கே.சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களை 1936–37-இல் மறு ஆய்வு செய்து 1940-இல் நூலாக வெளியிட்டனர். பின்னர், 1971-இல் மால்கம் ஆதிசேசய்யா நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் எஸ். குகனும் கே. பரதனும் 1980-களில் தூசிக்குச் சென்றனர். முதல் இரு ஆய்வுகள் அந்நியர் ஆட்சியில் நிகழ்ந்தவை. மூன்றாவது, வாக்குரிமை பெற்ற குடிமக்களிடம் கேட்கப்பட்டது. மன்னருக்கும் கம்பெனிக்கும் வரி கட்டியவர்கள் தம்மைத் தாமே ஆளத் தொடங்கியபின் அவர்கள் வாழ்வில் மாறியது எது, மாறாதது எது என்று ஒரே ஊரை வைத்து அளக்கும் வாய்ப்பு இவ்வாறு கிட்டியது.

1973-இல் ஆராய்ச்சியின் பார்வை ஆரணிப் பக்கம் திரும்பிற்று. ஐ.ஆர்.8 முதலான வீரிய நெல் இரகங்கள் பரவிக்கொண்டிருந்த காலம் அது. கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்கள் இணைந்து பி.எச். பார்மரின் தலைமையில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்கள் பதினொன்றையும், இலங்கையின் அம்பாந்தோட்டை மாவட்டத்தையும் ஆராய்ந்தன. 1931-இலேயே அனைவருக்கும் வாக்குரிமை கண்ட நாடு இலங்கை. 1950-இல் அதனை அரசியல் சட்டத்தில் எழுதிய நாடு இந்தியா. இரண்டுமே தம் மக்களுக்குச் சோறு உறுதி செய்வோம் என்று வாக்களித்த இளங்குடியரசுகள். 1977-இல் வெளிவந்த அவ்வாய்வு நூலின் தலைப்பில், ‘பசுமைப் புரட்சி’ என்ற தொடருக்குப்பின் ஒரு வினாக்குறி இருந்தது. அக்குறிக்குக் காரணம் இருந்தது. புதிய நெல் பரவியதாக அரசுக் கணக்கு காட்டிய பரப்பு, வயலில் இறங்கிக் கண்ட பரப்பைவிட மிகுதியாக இருந்தது.

அக்குழுவில் பணியாற்றிய இராபர்ட் சேம்பர்ஸ் 1983-இல் எழுதிய நூலொன்றில், வெளியிலிருந்து வருவோர் சிற்றூரின் வறுமையைக் காணத் தவறுவது ஏன் என்று விளக்கினார். அவர்கள் தார்ச்சாலையை ஒட்டிய ஊர்களுக்கே செல்கின்றனர், மழைக்காலத்தில் வருவதில்லை, ஊர்ப் பெரியவர்களிடமே பேசுகின்றனர், ஆண்களையே கேட்கின்றனர். ஐப்பசி அடைமழையில், முந்தைய விளைச்சல் தீர்ந்து அடுத்தது வீடு வந்து சேராத நாள்களில், சேற்றுப் பாதையின் கோடியிலுள்ள குடிசையில் எரியாத அடுப்பு எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. ஆட்சியாளர்க்கு மட்டுமன்று, கவிஞர்க்கும் உரிய எச்சரிக்கை இது.

1980-களின் முற்பகுதியில் அதே பதினொரு ஊர்களை மறு ஆய்வு செய்த பீட்டர் ஹேசலும் சி. இராமசாமியும் வேறொரு படத்தைத் தந்தனர். புதிய நெல் பரவிவிட்டது; சிறு விவசாயிகளும் கூலியாட்களும்கூடப் பயன் பெற்றனர் என்றனர். அப்பயன் முழுவதும் நெல்லால் விளைந்ததா, வேறு காரணங்களும் உண்டா என்ற விவாதம் தொடர்ந்தது. 1973-இல் கேட்டதோடு நின்றிருந்தால் ஐயம் மட்டுமே எஞ்சியிருக்கும். 1980-களில் மட்டும் கேட்டிருந்தால் வெற்றி மட்டுமே பதிவாகியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் உண்மையின் உருவம் புலப்படுகிறது.

1993–94-இல் பார்பரா ஹாரிஸ்-வைட்டும் எஸ். ஜனகராஜனும் பிறரும் இவ்வூர்களுள் நேசல், வினாயகபுரம், வீரசம்பனூர் ஆகிய மூன்றுக்கு மீண்டும் சென்றனர். பசுமையின் விலை அப்போது தெரிந்தது. நெல்லுக்கு நீர் தந்த கிணறுகள் வற்றத் தொடங்கியிருந்தன. ஒருவர் ஆழப்படுத்தினால் அடுத்தவர் கிணறு காய்ந்தது. அவரும் கடன் வாங்கித் தோண்டினார். தலைமுறைதோறும் பங்கு பிரிந்து, பங்காளிகள் முறை வைத்து இறைத்த கிணறுகளில் பூசல் ஊறியது. மின்சாரமும் கடனும் தந்த அரசுத் திட்டங்களில் நிலத்தடி நீருக்குக் கணக்கு இல்லை.

நிலம் கைவிட்ட இடத்தில் தறி கைகொடுத்தது. ஆரணி நகரின் பட்டு நெசவு சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கும், வழிவழி நெசவாளர் அல்லாத உழவர் வீடுகளுக்கும் பரவியதைக் கே. நாகராஜ் முதலானோர் 1990-களில் பதிவு செய்தனர். தறிக்காரர் பலர் பாவும் ஜரிகையும் முதலாளியிடம் பெற்று, முன்பணத்தால் அவரிடமே கட்டுண்டனர். கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985-இலும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இலும் வந்தன. எனினும், வீட்டுக்குள் இருக்கும் தறிக்குழி வரை சட்டத்தின் கை எளிதில் நீள்வதில்லை. ஆரணி நகரத்து வணிகத்தை 1973 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஹாரிஸ்-வைட், அரசின் விதிகள் எட்டாத பொருளாதாரத்தைச் சாதியும் பாலின வேற்றுமையும் சமயமும் ஒழுங்குபடுத்துகின்றன என்று 2003-இல் வெளிவந்த நூலில் நிறுவினார். வாக்குச் சாவடியில் எல்லோரும் சமம். கடைத்தெருவில் அவ்வாறு இல்லை.

இவ்வாய்வுகளுள் நெஞ்சை உறுத்துவது பெண் குழந்தைகளைப் பற்றியது. சொத்து பெருகிய வீடுகளில் பெண் மகவின் வாழ்வு பாதுகாப்புப் பெறும் என்றே எவரும் எண்ணுவர். இவ்வூர்களில் நிலமுடையோர் வீடுகளிலேயே அவள் குறைந்துகொண்டிருந்தாள். தமிழ்நாடு முழுமைக்கும் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 1991-இல் 948, 2001-இல் 942. செல்வமும் நெல்லும் வளர்ந்த அதே ஆண்டுகளின் கணக்கு இது.

குறைகள் மட்டுமே கிடைத்தன என்பதற்கில்லை. 1962-இல் தமிழகத்தில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 1982-இல் விரிவான சத்துணவுத் திட்டம், 1997-இல் நடுவணரசு பயனாளிகளைப் பிரித்தபோதும் இங்கு அனைவர்க்கும் தொடர்ந்த நியாயவிலை அரிசி ஆகியவை ஏழை வீட்டு அடுப்பைத் தொட்டன. தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்து பின்னர் ஆய்வாளரான குகன், 1998-இல் மறையும் வரை, இத்தகைய உதவி ஏழையின் உரிமை, ஈகையன்று என்ற நோக்கிலேயே எழுதினார். கோப்பில் கையொப்பமிட்ட ஒருவர் தூசியின் தெருவிலும் நடந்தார் என்பதே அவர் எழுத்தின் வலிமை.

இனி நம் வினா. இவ்வூர்களின் மக்கள் தம் வயல், கடன், கூலி, பிள்ளைப்பேறு அனைத்தையும் தமிழில் சொன்னார்கள். விடைகளோ பெரும்பாலும் ஆங்கில நூல்களாயின. பங்குக் கிணறு, முறைத் தண்ணீர், முன்பணம் என்று அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்கள் கடல் கடந்து சென்றன, திரும்பி வரவில்லை. பெரணமல்லூர் தன் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதியாக விளங்கியது. 2011 தேர்தலில் அப்பெயர் இல்லை. தொகுதியின் பெயர் மறையலாம். அங்கு வாழ்ந்தோர் தம் வாழ்வைப் பற்றிச் சொன்னவை மறையலாகாது.

ஆகவே அடுத்த பத்தாண்டுக்கு நம் வட்டம் ஒரு பணியை ஏற்கலாம். இவ்வாய்வுகளின் சாரத்தை ஊருக்கு ஒரு சிற்றேடாக நல்ல தமிழில் எழுதுவோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபைகளில் அவற்றைப் படிப்போம். ‘உங்கள் தந்தையார் 1973-இல் சொன்னது இது, இன்று நிலை என்ன?’ என்று கேட்போம். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதி வைப்போம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்டு வருவோர் உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை வாழ்வைக் கேட்டு வருவோரும் வேண்டும். அவர்கள் இவ்வூர்க்காரர்களாகவே இருப்பது இன்னும் நன்று.